ஃபெரி போகட்டும்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
தை மாதக் கடைசி ஞாயிறு, இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நாங்கள் நலம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை ஏறி இறங்கியதில் முழங்கால் மட்டும் கோபித்துக்கொண்டிருக்கிறது. மாமி தைலம் தேய்க்கும்போதெல்லாம் "இந்த வயசில 513 படி" என்று ஒரு தடவை கணக்குச் சொல்லிவிடுகிறாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் வந்தது. இருபத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற கணக்கு. கல்லூரிக்கு 'கடலோரம்' என்று புராஜெக்ட் செய்ய வேண்டும், ஐந்து நாள்தான் இருப்பேன், "நல்ல இடத்துக்கு மட்டும் டிக் போட்டு அனுப்புங்க மாமா" என்று கேட்டிருக்கிறாய். போட உட்கார்ந்தேன். மூன்றாவது இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. நல்ல இடம்தான், ஆனால் எத்தனை மணிக்கு? கடல் ஏறியிருக்கும்போதா, வற்றியிருக்கும்போதா? அந்த நேரத்தில் அங்கே யார் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்? இதையெல்லாம் டிக்கில் எப்படிச் சொல்வது? அதனால் தாளை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் நாகூருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மாவும் படிக்கட்டும். தொலைபேசியில் எழுதினால் 'அண்ணன் ஆரம்பிச்சிட்டான்' என்று பாதியிலேயே மூடி வைத்துவிடுவாள்.

முதலில் உன் திசையைத் திருத்தியாக வேண்டும். நீ நாகப்பட்டினத்துப் பிள்ளை. உனக்குச் சூரியன் கடலிலிருந்து எழுந்து வயல் பக்கம் விழும். இங்கே அந்தக் கணக்கை மறந்துவிடு. டவுன் இருப்பது தீவின் கிழக்கு ஓரத்தில். எதிரே இருக்கும் தண்ணீர் அகலமான ஆறு மாதிரி ஒரு நீரிணை, அவ்வளவுதான். அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகம், கிரேன்கள், அவற்றுக்கும் பின்னால் மலை. சூரியன் அதற்கெல்லாம் பின்னாலிருந்து எழும். நீ வரும் மாசியில் ஏறக்குறைய நேர் கிழக்கே, கிரேன்கள் பக்கம். டிசம்பரில் வந்திருந்தால் தெற்கே ஒதுங்கிப் புக்கிட் மெர்தாஜம் மலைப்பக்கம் போயிருக்கும். கடலில் இறங்கும் சூரியன் வேண்டுமென்றால் தீவின் முதுகுப் பக்கம் போக வேண்டும். அந்த ஊருக்குப் பெயரே அதுதான்: பாலிக் புலாவ், தீவின் பின்பக்கம். நடுவில் மலைத்தொடர் கிடக்கிறது. நீயோ ஒரே மாலைக்கு மூன்று மூலையை எழுதி வைத்திருக்கிறாய். இடையில் இருக்கும் கொண்டை ஊசி வளைவுகள் உன் தொலைபேசிக்குத் தெரியாது போலிருக்கிறது.

இன்னொன்று, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாமியை எழுப்பாதே. இங்கே மாசியில் சூரியன் எழுவதே ஏழரைக்கு. சூரியன் சோம்பேறி இல்லை, கடிகாரம்தான் முந்துகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்கள், படம் பிடிப்பவர்கள் மட்டும் நன்றாகத் தூங்குகிறார்கள். அதற்குக் கூலியாக இன்னொன்றைக் கொடுக்க வேண்டும்: பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் விடியலும் அந்தியும் சட்டென்று முடிந்துவிடும். வானம் நிறம் மாறுவது தெரிந்ததும் ஸ்டாண்டைத் தேடினால் தேடி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

கடல் ஏறி இறங்குவதையும் நீ புதிதாகப் படிக்க வேண்டும். உங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் முழங்கால் அளவு. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்கு வரும். தண்ணீர் இறங்கினால் டவுன் ஓரம் முழுவதும் சேறு. காலையில் கண்ணாடி மாதிரி பார்த்த இடம் மத்தியானம் சாக்கடை வாய் மாதிரி கிடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது, மறுநாள் அதே ஏற்றம் முக்கால் மணி, ஒரு மணி தள்ளி வருகிறது. ஆகையால் நேற்று ஒருவன் எடுத்த படத்தைப் பார்த்து இன்று அதே மணிக்குப் போய் நின்றால் வேறு கடலைத்தான் பார்ப்பாய். ஓதப் பட்டியலைத் தொலைபேசியில் இறக்கிக்கொள். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். தஞ்சோங் பூங்காவில் பாறைமேல் ஒரு ஜோடியை நிறுத்திவிட்டு லென்ஸ் பையைப் பின்னால் ஈர மணலில் வைத்தேன். அரைமணி நேரம் அவர்கள் சிரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பை மிதந்துகொண்டிருக்கிறது. மணப்பெண்தான் முதலில் பார்த்தாள். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்து வைத்தேனோ என்று சொல்லாமல் இருந்தாளாம்!

இப்போது உன் பட்டியல். சுவர் ஓவியங்கள் ஆறு இருக்கின்றன. ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகும் அந்த இரண்டு பிள்ளைகள், லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்தது. பாவம், அந்தச் சைக்கிள். எத்தனை லட்சம் பேர் தொட்டிருப்பார்கள். வரிசையில் நின்று முறை வந்ததும் எடுத்துக்கொள், ஆனால் அது அவர் படம், உன்னுடையது ஆகாது. கேக் லோக் சி கோயில் அழகுதான், சீனப் புத்தாண்டுக்கு விளக்குப் போட்டால் மலையே எரிகிற மாதிரி இருக்கும். ஆனால் நீ கேட்டது கடலோரம். கர்னி டிரைவ் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் படத்தில் இருக்கும் கடல் இப்போது அங்கே இல்லை. தூர்த்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். நாங்கள் சின்ன வயதில் மதில்மேல் உட்கார்ந்து கால் தொங்கப்போட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தண்ணீரைத் தொட நடக்க வேண்டும்.

கொடிமலையை முதல் நாள் மாலைக்கு வைத்திருக்கிறேன். புக்கிட் பெண்டேரா என்று போட்டிருக்கிறாய், நம்மவர்களுக்கு அது கொடிமலை. 1923இல் ஓடத் தொடங்கிய கயிற்று ரயில், 2011இல் புதுசாக்கினார்கள். அங்கே படம் எடுக்கப் போகவில்லை. மேலேயிருந்து எடுக்கும் படம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். ஊரைப் படிக்கப் போகிறோம். உச்சியில் நம் முருகன் கோயிலும் இருக்கிறது, கும்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு ஓரமாக நின்றால் தீவும் நீரிணையும் வரைபடம் மாதிரி விரியும். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பழைய பாலம், அதற்குத் தெற்கே 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் புதிய பாலம் பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை. நாளைக்கு எங்கே நிற்கப் போகிறோம், வெயில் எங்கிருந்து வரும் என்று அங்கே நின்று விரலால் கோடு போட்டுப் பார். கேமரா பையிலேயே இருக்கட்டும்.

மறுநாள் காலை படகுத்துறை வீடுகள். வெல்ட் கீ ஓரத்தில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள். சியூ, டான், லிம், லீ, இயோ என்று ஒவ்வொரு துறையும் ஒரு சீனக் குலத்தாருக்கு. புஜியானிலிருந்து வந்து கப்பல் சரக்கை ஏற்றி இறக்கிய கூலிக்காரர்கள் கட்டியவை. எல்லோரும் சியூ துறைக்குப் போவார்கள், அங்கே இப்போது வீட்டுக்கு வீடு கடை. நாம் டான் துறைக்குப் போவோம். வீடுகளைத் தாண்டி ஒரு பலகைப்பாதை கடலுக்குள் நீளமாகப் போகும். பலகை ஆடும், பயப்படாதே. தண்ணீர் ஏறியிருந்தால் தூண்களின் நிழல் கீழே விழும், காற்று எழும்புவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. அவை வீடுகள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுன் 2008இல் ஏறிய பிறகு வந்த கூட்டத்தில் அந்த மனிதர்கள் பல் துலக்குவதைக்கூடப் படம் எடுத்துப் போனார்கள். பலர் வாசலில் 'படம் எடுக்காதே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அனுமதி கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள். பட்டியலில் ஏறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2006இல், இரண்டு துறைகளை இடித்துவிட்டார்கள். அதில் ஒன்று கோய் துறை. நான் அங்கே எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். அந்த இடத்துக்கு என்னிடம் ஒரு நல்ல படம் இல்லை.

இந்த ஊரில் இடம் தேடிக் கேமரா தூக்கியவர்களில் எனக்குத் தெரிந்து முந்தியவர் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1862இல் வந்தார். பின்னாளில் அங்கோர்வாட்டையும் சீனாவையும் எடுத்துப் பேர் வாங்கினாரே, அவர்தான். அந்தக் காலத்துப் படம் கண்ணாடியில். மருந்து பூசிய கண்ணாடி ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் அதற்கு எத்தனை நிமிஷம் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார். எங்கே போனாலும் இருட்டுக் கூடாரம், கண்ணாடி, மருந்துப் புட்டி, தண்ணீர் எல்லாம் கூடவே போக வேண்டும். ஆக, அழகு மட்டும் போதாது, கூடாரம் போட நிழல் வேண்டும், பக்கத்தில் நல்ல தண்ணீர் வேண்டும், சுமந்து போக வழி வேண்டும். சீனர்கள் இதைப் பிசாசு வேலை என்று ஒதுங்கிவிட்டார்கள், மெட்ராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பெயரைத்தான் எழுதவில்லை. 1862இல் மெட்ராஸ்காரன் என்றால் நாகப்பட்டினமாகவும் இருக்கலாம், நாகூராகவும் இருக்கலாம். உன் ஊர்க்காரன் ஒருவன் வெள்ளி நைட்ரேட்டில் விரல் கறுத்துப்போய், 'தொரை, இந்தப் பக்கம் தண்ணி நல்லாருக்கு' என்று இடம் காட்டியிருப்பான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. என் கற்பனை.

மத்தியானத்தில் படம் வேண்டாம். மாசி இங்கே வறண்ட காலம், வானம் வெளுத்துக் கிடக்கும், முகத்தில் கண்குழி மட்டும் கறுப்பாக விழும். கடைத்தெருவில் பசியாறிவிட்டு, மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவையும் பார். உங்கள் ஊரிலிருந்து மரக்கல வியாபாரிகளோடு கடல் தாண்டி வந்த நினைவு அது. பிறகு நாசி கண்டார். காவடி மாதிரி ஒரு கம்பில் இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் குழம்பு என்று நம் முஸ்லிம் சகோதரர்கள் துறைமுகத்துக்குத் தூக்கிப்போய் விற்றதால் வந்த பெயர். தின்றுவிட்டுத் தூங்கு.

ஒரு விடியலுக்கு குவீன்ஸ்பே பக்கம் கூட்டிப்போகிறேன். உன் பட்டியலில் இது இல்லை. தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கரை. இடது கைப்பக்கம் பாலம், எதிரே காடு மூடிய ஜெரெஜாக் தீவு. அந்தத் தீவில்தான் நம் ஆட்களைக் கப்பலிலிருந்து இறக்கி, நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் சிறைச்சாலை, 1993 வரை. உன் பூட்டனார் ரஜுலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்து, பினாங்கைப் பார்த்தது முதலில் அங்கிருந்துதான். பச்சை மலை ஒன்று, அதன் அடியில் வெள்ளையாக வீடுகள், தொட்டுவிடும் தூரத்தில், ஆனால் போக விடமாட்டார்கள் என்று சொல்வாராம். என் அப்பா இதைச் சொல்லும்போது அவரே பார்த்த மாதிரி சொல்வார். குவீன்ஸ்பேயில் எல்லோரும் கேமராவைப் பாலத்தின் பக்கம் திருப்புவார்கள். நீ எந்தப் பக்கம் திருப்புவாய் என்று நான் சொல்லப்போவதில்லை.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். காடியில் நான் ஓட்டுகிறேன், பாடல் நீ போடு. பாலிக் புலாவ் தாண்டினால் சுங்கை பூரோங் வயல்வெளி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு வயலைக் காட்டுவதா என்று சிரிக்காதே. வயலுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்பதை உங்கள் டெல்டாவில் எங்கே பார்ப்பாய்? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புலாவ் பெத்தோங். பெயரில்தான் தீவு, இருப்பது மீனவக் கம்பம். படகுகள் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அது கடலின் ஏற்றத்தைப் பொறுத்தது. இன்னும் தெற்கே கெர்தாக் சங்குல், தார்ச்சாலை முடியும் இடம். மீனை மணலிலேயே கொட்டி விற்பார்கள். மஞ்சள் வெயில் படகின் நீலப் பெயிண்டில் விழும்போது என்ன கேமராவாக இருந்தாலும் படம் வரும். தெற்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை 2023இல் பாயான் லெப்பாஸ் பக்கம் தொடங்கிவிட்டது, தெற்குக் கரை மீனவர்கள் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். உன் புராஜெக்டில் அந்த மனிதர்கள் இருந்தால் நன்றாக இருக்கும். நான் சொல்லிக்கொடுத்து அல்ல, நீயே பேசிப் பார்த்துவிட்டு.

பாசிர் பாஞ்சாங் என்று ஒரு கடற்கரையை நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறாய். மணல் வெள்ளை, மேற்கே திறந்த கடல், படத்தில் எல்லாம் சரி. போகலாம். ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை என்று குடும்பம் குடும்பமாகக் குளிக்க வந்தவர்களை அலை அங்கேதான் எடுத்துக்கொண்டு போனது. இங்கே செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாகப்பட்டினம் என்று திரையில் பெயர் வந்தது. உன் அம்மாவுக்கு இரவு முழுவதும் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டு, "நாங்க இருக்கோம்ணே, நீங்க இருக்கீங்களா?" என்றாள். அப்போதுதான் அதே தண்ணீர் இரண்டு பேர் வாசலுக்கும் வந்தது என்று உறைத்தது. அதற்கப்புறம் அந்த மணலுக்கு நான் எந்த மணமக்களையும் கூட்டிப்போனதில்லை. அவர்களே கேட்டாலும் வேறு இடம் சொல்லிவிடுவேன். நீ போய் நில், தப்பில்லை.

பத்து பிரிங்கியில் கடலில் சூரியன் இறங்குகிற படம் ஒன்று வைத்திருக்கிறாயே, அது ஜூன், ஜூலையில் எடுத்தது. மாசியில் அங்கே நின்றால் சூரியன் முக்கா முனை மலைக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கரை வடக்கைப் பார்த்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் ஹோட்டல் பால்கனியில் உட்கார்ந்து ஏமாறுகிறார்கள். கெராச்சூட் கடற்கரை, ஆமைகள், கடல்நீரும் நன்னீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரி எல்லாம் தேசியப் பூங்காவுக்குள். ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். என் முழங்காலைக் கேட்டுச் சொல்கிறேன்.

ஆனால் தெலுக் பகாங்கை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விடாதே. நீ இங்கே இருக்கும்போதுதான் மாசிமகம் வருகிறது. சிங்கமுக காளியம்மன் கோயிலிலிருந்து ஊர்வலம் கடற்கரைக்கு வரும். இருட்டியதும் விளக்கேற்றிய தெப்பங்களைக் கடலில் விடுவார்கள். மேலே பௌர்ணமி நிலா, கீழே அலையில் ஆடிக்கொண்டு விளக்குகள் நகர்ந்து போகும். நீ நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் எத்தனையோ திருவிழா பார்த்தவள், ஆனால் இந்தக் கரையிலிருந்து விளக்குப் போகும் திசை உன் ஊர்த் திசை. பிளாஷ் போடாதே. போட்டால் விளக்கு செத்துவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளக்கை விடுகிற கையை எடு.

டிரோன் கொண்டு வருவேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. விமான நிலையம் தீவிலேயே இருக்கிறது, அனுமதி வாங்கவே உன் ஐந்து நாள் போய்விடும்.

இனி, இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம்.

நான் முப்பது வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன். வெல்ட் கீ ஓரத்தில் ஜோடிகளை நிறுத்திக் கடலைப் பின்னால் வைத்து எடுப்பேன். அந்தக் கடலில் பத்து நிமிஷத்துக்கு ஒரு ஃபெரி வரும். இரண்டு தட்டு, உள்ளே காடியும் மோட்டாரும் மனிதர்களும், புகை கக்கிக்கொண்டு வந்து சரியாக மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும். "பொறுங்க, ஃபெரி போகட்டும்." என் தொழிலில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான் என்று மாமி சொல்வாள். படத்தில் கடல் மட்டும் இருக்க வேண்டும், எந்த ஊர்க் கடல் என்றே தெரியாதபடி இருக்க வேண்டும், அதுதான் அப்போது எனக்கு அழகு. கிரேன் வேண்டாம், சேறு வேண்டாம், மூட்டை தூக்குகிறவர் குறுக்கே வந்தால் வேண்டாம். ஃபிலிம் ரோலில் 36 படம்தான், அதில் தப்பித் தவறி ஃபெரி விழுந்துவிட்டால் நெகட்டிவ் உறையின்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. பிரிண்ட் போடக் கூடாது என்று அர்த்தம்.

1894லிருந்து ஓடிய ஃபெரி. 2020 கடைசியோடு அந்தப் பழைய கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் புதிதாக நாலு வந்தன, குளிர்சாதனம் எல்லாம் உண்டு, ஆனால் ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும்தான் ஏறலாம், காடிக்குப் பாலம். போன வருஷம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். நான்தான் 1994இல் அவருக்குக் கல்யாணப் படம் எடுத்தேனாம். வீட்டுக்காரர் போய் ஆறு மாசம். இருவருக்கும் பட்டர்வொர்த்தில் வீடு, இங்கே டவுனில் வேலை, காலை ஃபெரியில் பார்த்துப் பார்த்துத்தான் கல்யாணம் வரைக்கும் வந்திருக்கிறது. "அண்ணே, ஆல்பத்துல ஃபெரி ஒண்ணுகூட இல்ல. ஆனா எடுத்தீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு, என் சேலை பறந்துச்சு" என்றார். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மாமிக்குத் தெரியாமல் மேல்மாடி பிஸ்கட் டின்களை இறக்கினேன். பாதிக்குமேல் பூஞ்சை. நாலு இரவு விளக்குப் பெட்டியில் குனிந்து பார்த்து, ஐந்தாம் நாள் கிடைத்தது. இருபத்திரண்டாவது படம், உறைமேல் சிவப்புக் கோடு. ஃபெரியின் மூக்கு இடது பக்கம் பாதி நுழைந்திருக்கிறது. மணப்பெண் என்னைப் பார்க்காமல் அதைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். சேலை பறக்கிறது. மாப்பிள்ளை ஃபெரியின் மேல்தட்டில் இருக்கும் யாருக்கோ கையைத் தூக்குகிறார். அன்றைக்கு அந்த ரோலில் எடுத்த மற்ற முப்பத்தைந்தையும் பார்த்தேன். எல்லாம் நேராக, சுத்தமாக, நான் சொன்னபடி சிரித்துக்கொண்டு. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவரு யாருக்குக் கை காட்டுறாரு?" என்று மட்டும் கேட்டார். காசு வாங்கவில்லை.

அதனால்தான் உன் பட்டியலுக்கு டிக் போட முடியவில்லை. அந்த இருபத்து மூன்று படங்களையும் மறுபடி பார்த்தேன். ஒன்றில்கூடக் குறுக்கே ஒருவர் வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வாசலில் நில். ரப்பர் செருப்பு போட்டுக்கொள், பலகையில் பாசி வழுக்கும். ஸ்டாண்டின் கால்களைக் கடல்தண்ணீர் பட்டதும் நல்ல தண்ணீரில் கழுவ ஒரு பாட்டில் எடுத்து வை. டான் துறையில் வெயில் ஏறியதும் புதிய ஃபெரியில் அக்கரைக்குப் போய், அங்கே தே தாரிக் குடித்துவிட்டு, அதே ஃபெரியில் திரும்பி வருவோம். நடுக்கடலிலிருந்து பார்த்தால் உன் பூட்டனார் சொன்ன மலையும் அதன் அடியில் வீடுகளும் ஒரே சட்டத்தில் வரும். இப்போது நடுவில் கொம்தார் கட்டடம் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

பிஸ்கட் டின்களை இன்னும் மேலே ஏற்றவில்லை. மாமிக்கும் தெரிந்துவிட்டது. இதுவரைக்கும் சிவப்புக் கோடு போட்ட உறைகள் பதினேழு எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் மூன்று டின் பாக்கி. பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. உன்னிடம் இருந்தால் கொண்டு வா.

அம்மாவிடம், அப்பாவிடம் கேட்டதாகச் சொல். மாமி உனக்கு மெத்தை உதறிப் போட்டுவிட்டாள்.

அன்புடன்,
உன் மாமா